‘வோர்னிங் தானே, விடுங்கோ!’

பழைய பத்திரிகைகளில எந்தச் சொல் எத்தனை தரம் வருது எண்டு எண்ணுறதுக்கு, சீனியர் அண்ணா ஒருவர் எழுதிவிட்ட பைதன் புரோகிராமைத்தான் எங்கட குழு பாவிச்சது. ஒப்படைக்க ரெண்டு நாள் இருக்கேக்க புது லப்டொப்பில போட்டம். முதல் வரியிலயே நிண்டுட்டுது.

காரணம் சின்னது. ‘இட்டரபிள்’ எண்ட ஒண்டை அவர் ‘கொலெக்‌ஷன்ஸ்’ இலிருந்து எடுத்திருந்தார். 2012 இல வந்த பைதன் 3.3 இலயே அது ‘கொலெக்‌ஷன்ஸ்.ஏபிசி’க்கு மாறிட்டுது. பழைய வழியை 2021 இல 3.10 முற்றாக நீக்கியது. ஒன்பது வருஷ அவகாசம்! திருத்தினது ஒரு வரி. அதைக் கண்டுபிடிக்க ஒரு இரவு போச்சு.

அண்ணாவுக்குத் தெரியாமல் இல்லை. கோட்டை ஓட்டாமலே வாசிச்சுப் பிழை சொல்லுற ‘பைலின்ட்’ அவரிட்ட இருந்திருக்கு. பைலின் தலையில, பழசு பற்றிய எச்சரிக்கைகளை மூடிவிடச் சொல்லி ஒரு வரியும் இருந்தது. அவர் படிச்சு முடிச்சுப் போயிட்டார். விலை குடுத்தது நாங்கள்.

‘ஓடேக்க ஒண்டும் காட்டேல்லயே’ எண்டு சிலர் சொல்லுவினம். பைதன் இந்த வகை எச்சரிக்கைகளில பெரும்பாலானதை ஓடும்போது தானாகவே மறைச்சுவிடும். அதனாலதான் இப்படியான கருவிகள் தேவை.

அதுக்காக, இருநூறு எச்சரிக்கை வந்தால் இருநூறையும் ஒரே இரவில மாத்தச் சொல்லேல்ல. அதுவும் ஆபத்து. எல்லா எச்சரிக்கையும் ஒண்டில்லை. ஜாவாவில ‘டேட்’ வகுப்பின்ர பல பகுதிகளை 1997 இலயே பாவிக்கவேண்டாம் எண்டு சொன்னவை, இன்னும் நீக்கேல்ல. அதே ஜாவா 2017 முதல், கட்டாயம் நீக்கப்போறதைத் தனியாக் குறிச்சுக் காட்டுது.

ஆகவே முதல்ல தரம் பிரிப்பம். நீக்கப்போறது எண்டு அறிவிச்சதை உடன திருத்துவம். மற்றதை அந்தப் பகுதியில கைவைக்கேக்க மாத்துவம். புதுசா எழுதுறதில பழசைச் சேர்க்காமல் விடுவம். மறைக்கத்தான் வேணுமெண்டால் அந்த ஒரு வரியில மட்டும் மறைச்சு, ஏன் எண்டு பக்கத்தில எழுதிவைப்பம்.

எச்சரிக்கையை மூடினால் பிரச்சினை போகாது. எங்களுக்குப் பிறகு வாற தம்பி தங்கச்சியிட்டத்தான் போய்ச் சேரும்.