எல்லா வரியும் கெல்வின்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் அல்ல

2017 மார்ச் 23, உலக வானிலை நாளன்று வெளியான பன்னாட்டு மேக அட்லஸின் புதிய பதிப்பு, அலைவடிவ மேகங்களுக்கென ஃப்ளக்டஸ், ஆஸ்பெரிட்டாஸ் என்ற பெயர்களைச் சேர்த்தது. அன்டுலேட்டஸ் முன்பே இருந்தது. இத்தனை பெயர் இருந்தும், நமக்கு வரும் படங்களில் வரிவரியாகத் தெரிவதெல்லாம் 'கெல்வின்–ஹெல்ம்ஹோல்ட்ஸ்' என்றே குறிக்கப்பட்டு வருகிறது. வானிலை நிலையப் பதிவேட்டிலோ அதைப் பற்றி ஒரு சொல்கூட இருப்பதில்லை.

அந்தப் பெயருக்கு உரியது ஃப்ளக்டஸ் மட்டுமே. கீழே கனத்த குளிர்காற்று, மேலே இலேசான வெதுவெதுப்பான காற்று; மேலடுக்கு கீழடுக்கை முந்திக்கொண்டு ஓடுகிறது. இரண்டின் எல்லையில் ஒரு சிறு மேடு எழுந்தால் அதன்மேல் காற்று விரைகிறது, அழுத்தம் குறைகிறது, மேடு இன்னும் உயர்கிறது. பிறகு மேல்காற்று அதன் உச்சியை முன்னே இழுத்துச் சுருட்டிவிடுகிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1868-லும் கெல்வின் 1871-லும் கணக்கிட்டது இதைத்தான். அடுக்கின் நிலைப்பு இதற்கு எதிராக நிற்கும். அந்த நிலைப்பை, உயரத்தோடு காற்று மாறும் அளவான விண்ட் ஷியரின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது ரிச்சர்ட்சன் எண். அது 0.25-க்குக் கீழே போனால் அலை சுருண்டே தீரும் என்று பலர் எழுதுகிறார்கள். மைல்ஸும் ஹாவர்டும் 1961-இல் நிறுவியது அதுவல்ல: எல்லா மட்டத்திலும் 0.25-க்கு மேல் இருந்தால் சுருளாது என்பதே. இரண்டும் ஒன்றல்ல.

சுருளாமல் வரிசையாக மட்டும் நிற்பவை அன்டுலேட்டஸ். ஒழுங்கே இல்லாமல், கொந்தளிக்கும் கடலை அடியிலிருந்து அண்ணாந்து பார்ப்பதுபோல் இருந்தால் ஆஸ்பெரிட்டாஸ். இதற்கு மேல் அவற்றில் குழப்பமில்லை.

மலையலை வேறு. நிலைப்புள்ள அடுக்குக் காற்றை மலை மேலே தள்ள, அது திரும்பக் கீழிறங்கி, மறுபடி எழுந்து, மலைக்கு அப்பால் ஊசலாடிக்கொண்டே போகிறது. ஓர் ஊசலுக்குச் சுமார் 10 நிமிடம். காற்று நொடிக்கு 20 மீட்டர் என்றால் முகட்டுக்கு முகடு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். செயற்கைக்கோள் படத்தில் அளவுகோலை வைத்தாலே காற்றின் வேகத்தைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். லென்ஸ் வடிவ மேகம் இந்த முகட்டில்தான் அமர்கிறது. காற்று வரும் பக்கத்து விளிம்பில் துளிகள் பிறக்கின்றன, மறுவிளிம்பில் ஆவியாகின்றன. மேகம் மட்டும் அசையாமல் இருக்கிறது. வாய்க்காலில் கல்லைத் தாண்டும் நீரின் மேடு ஓரிடத்திலேயே நிற்பதைப் போல.

அலைக்கு ஈரம் தேவையில்லை, மேகத்துக்குத்தான் தேவை. 1966 மார்ச் 5 அன்று ஃபூஜி மலையின் காற்றுமறைவுக் கொந்தளிப்பில் பிஓஏசி விமான நிறுவனத்தின் போயிங் 707 வானிலேயே உடைந்து 124 பேர் இறந்தபோது வானம் தெளிவாகவே இருந்தது. மேகம் தெரியவில்லை என்பதால் அலை இல்லை என்று விமானிக்கு எவரும் சொல்லிவிட முடியாது. தெரியும் நாளில் அதை எழுதாமல் விடுவதற்கோ சாக்கே கிடையாது.

சீலோமீட்டர் எழுதிக்கொள்ளுமே என்று இருந்துவிட முடியாது. அது தலைக்கு நேர்மேலே லேசரை விட்டு அடிமட்ட உயரத்தைத் தரும், நேரப்போக்கில் மேக அளவையும் கணக்கிட்டுத் தரும். சுருளையோ லென்ஸையோ அது அறியாது. நடுமட்ட மேகக் குறியீட்டில் 4 என்ற எண் லென்ஸ் வடிவத் திட்டுகளுக்கும் உரியது. அதை இட மனிதக் கண் வேண்டும். ஃப்ளக்டஸுக்கோ அந்தக் கண் அந்த நிமிடமே வெளியே இருக்க வேண்டும். சில நிமிடங்களில் அது கலைந்துவிடும்.

ஆகவே இனி ஒரு படம் மட்டும் அனுப்ப வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில், கேமராவை அசைக்காமல் இரண்டு எடுங்கள். மேகம் நின்றதா, நகர்ந்ததா என்பதை அவையே காட்டிவிடும். நேரம், பார்த்த திசை, அடிவானத்திலிருந்து கோணம், அருகிலுள்ள நிலையத்தின் ரேடியோசாண்ட் பதிவு ஆகியவற்றையும் சேருங்கள். பெயரைக் கடைசியில் எழுதலாம்.