பழைய நிலையங்களின் ஏட்டு மதிப்பு

வங்கிப் பணியில் இடமாற்றம் தவிர்க்க இயலாதது. அவ்வகையில் சில ஆண்டுகள் மும்பையில் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. புறநகர் மின்தொடரில் வந்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தில் இறங்கி, அங்கிருந்து கோட்டைப் பகுதியிலிருந்த அலுவலகத்துக்கு நடந்து செல்வது அன்றாட வழக்கம். முதல் சில வாரங்கள் கூட்டத்தோடு கூட்டமாக வெளியேறினேனே தவிர, வேறெதையும் கவனிக்கவில்லை. ஒருநாள் பெருமழைக்கு ஒதுங்கி நின்றபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். தூண்களின் தலைப்பகுதியில் கல்லில் செதுக்கிய இலைகள். அவற்றினூடே பறவைகளும் குரங்குகளும். வாயிலின் இரு தூண்கள்மீது ஒருபுறம் சிங்கம், மறுபுறம் புலி. மழை விட்ட பிறகும் சற்று நேரம் நின்றுகொண்டிருந்தேன். அன்று அலுவலகத்துக்குத் தாமதமாகச் சென்றதை இவ்விதழில் ஒப்புக்கொள்வதில் தவறில்லை என்று எண்ணுகிறேன்.

பிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் என்ற பொறியாளரின் வடிவமைப்பில் 1878-இல் தொடங்கிய அக்கட்டடம் நிறைவுபெறப் பத்தாண்டுகள் ஆயின. அந்நாளில் அதற்கான செலவு ஏறத்தாழ 16 இலட்சம் ரூபாய். சிற்ப வேலைகளில் பம்பாய் ஓவியப் பள்ளியின் மாணவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 2004-இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இத்தனைக்கும் அது கண்ணாடிப் பேழைக்குள் வைத்த காட்சிப்பொருள் அன்று. நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் கால்பதித்துச் செல்லும் வேலைக்கூடம் அது.

2022 செப்டம்பரில் புது தில்லி, அகமதாபாத், மும்பை முனையம் ஆகிய மூன்று நிலையங்களையும் ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய் செலவில் மேம்படுத்த மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மும்பையைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் கட்டடத்தில் யாரும் அவசரப்பட்டுக் கைவைத்துவிட மாட்டார்கள். என் கவலையெல்லாம் யாரும் பார்க்காத நிலையங்களைப் பற்றியது. ‘அம்ரித் பாரத்’ திட்டத்தின்கீழ் நாடெங்கும் 1,300-க்கும் மேற்பட்ட நிலையங்கள் மேம்படுத்தப்படுகின்றன. 2023 ஆகஸ்டில் ஒரே நாளில் 508 நிலையங்களுக்கும், 2024 பிப்ரவரியில் 550-க்கும் மேற்பட்ட நிலையங்களுக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 மே மாதத்தில் 103 நிலையங்களில் பணி நிறைவுற்றுத் திறப்பு விழாவும் நடந்தது. இத்தனை நிலையங்களில் பாரம்பரியச் சின்னம் என்ற சான்றிதழ் பெற்றவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. மற்றவற்றுக்குப் பரிந்து பேச ஆளில்லை.

பழமையைப் போற்றுவோர் எளிதில் மறந்துவிடும் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். என் தாயாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. இரு முழங்கால்களிலும் வலி. எங்கள் ஊர் நிலையம் ஓட்டுக்கூரையும் வார்ப்பிரும்புத் தூண்களும் கொண்ட சிறிய நிலையம். சென்னை செல்லும் வண்டி இரண்டாம் நடைமேடைக்குத்தான் வரும். மேம்பாலத்தின் படிகளில் பாதி ஏறியதும் அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “கட்டடம் அழகாத்தான் இருக்கு, தம்பி. என்னால ஏற முடியலையே” என்றார். அன்று மின்தூக்கி ஒன்று இருந்திருந்தால், அந்த ஓட்டுக்கூரையை நான் இன்னும் கூடுதலாக நேசித்திருப்பேன். எனவே மேம்பாடு வேண்டுமா என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேண்டும், அதுவும் விரைவில் வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். அம்மாவுக்குத் தேவைப்பட்ட மின்தூக்கி நடைமேடையில் அமையவேண்டியது. சக்கர நாற்காலி செல்லும் சாய்தளம், தூய கழிப்பறை, உயர்த்தப்பட்ட நடைமேடை, வெயில் மறைக்கும் நிழற்கூரை, வண்டி நிறுத்துமிடம் என்று பயணிகள் ஏங்கும் வசதிகளில் பெரும்பாலானவை நடைமேடையிலோ, தண்டவாளத்துக்கு மேலோ, நிலையத்தின் பின்புறத்திலோ வரவேண்டியவை. பழைய முகப்புக் கட்டடம் இவற்றுக்குக் குறுக்கே நிற்பது மிக அரிது. சென்னை எழும்பூரை எடுத்துக்கொள்வோம். ஹென்றி இர்வின் வடிவமைத்து 1908-இல் திறக்கப்பட்ட அச்செந்நிறக் கட்டடத்தை நிறுத்திவைத்தே, காந்தி இர்வின் சாலைப் பக்கமும் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலைப் பக்கமும் புதிய கட்டடங்களை எழுப்பி, தண்டவாளங்களுக்கு மேலே இரு பக்கங்களையும் இணைப்பதாக அங்கே திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. புதியவற்றின் உயரமும் பருமனும் பழையதை அமுக்கிவிடாமல் இருக்குமா என்பதைப் பணி முடிந்த பிறகே சொல்ல முடியும். எனினும் வகுத்த வழி சரியானது.

அப்படியானால் பழைய கட்டடங்கள் ஏன் இடிபடுகின்றன? வணிகவியல் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றும் விடை, காரணம் கணக்கேட்டில் இருக்கிறது என்பதே. நிறுமங்கள் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணை, கான்கிரீட் சட்டகம் கொண்ட கட்டடத்துக்கு 60 ஆண்டுகளும் அஃதில்லாத கட்டடத்துக்கு 30 ஆண்டுகளும் பயன்பாட்டுக் காலம் என வகுக்கிறது. இரயில்வே ஒரு நிறுமம் அன்று. ஆயினும் ஒரு வேடிக்கைக்காக அந்த அளவுகோலை மும்பை முனையத்தின்மீது வைத்துப் பாருங்கள். 1888-இல் நிறைவுற்ற அக்கற்கட்டடத்தின் மதிப்பு, தேய்மானம் போக, 1918-இலேயே ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் ஆகியிருக்கும்! ஏட்டில் மதிப்பற்றதாகிவிட்ட ஒன்றை இடித்தால் இழப்பு என்று எழுத இடமே இல்லை. அவ்விடத்தில் எழும் வணிக வளாகத்தின் வாடகையோ வரவுப் பக்கத்தில் பளிச்சென்று தெரியும். கணக்கை மட்டும் பார்ப்பவர் இடிக்கவே பரிந்துரைப்பார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஏட்டில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது.

அந்த வரி விடுபட்டதன் விலையை நியூயார்க் நகரம் நன்கறியும். 1910-இல் திறக்கப்பட்ட அந்நகரின் பென்சில்வேனியா நிலையம் பெருந்தூண்களும் வானளாவிய கூடமும் கொண்டது. நட்டத்தில் தத்தளித்த இரயில் நிறுமம், நிலையத்துக்கு மேலுள்ள வெளியில் கட்டும் உரிமையை விற்றது. 1963-இல் இடிப்பு தொடங்கியது. மேலே அலுவலகக் கோபுரமும் விளையாட்டரங்கமும் எழுந்தன. பயணிகள் தாழ்ந்த கூரையுடைய நிலவறைக்குள் தள்ளப்பட்டார்கள். மக்கள் கொதித்தெழுந்ததன் விளைவாக 1965-இல் நினைவுச் சின்னங்களைக் காக்கும் நகரச் சட்டம் பிறந்தது. ஆனால் நிலையம் திரும்பவில்லை. இறுதியில், இடித்த நிலையத்தை வடிவமைத்த அதே கட்டடக் கலைஞர்கள் எதிர்ப்புறத்தில் கட்டியிருந்த பழைய தபால் அலுவலகத்தை, 160 கோடி டாலர் செலவிட்டு இரயில் கூடமாக மாற்றி 2021 ஜனவரியில் திறந்தார்கள். இடித்தபோது ஏட்டில் வராத இழப்பு, அறுபது ஆண்டுகள் கழித்துச் செலவாக வந்து நின்றது.

இதே கருவியை வேறு விதமாகக் கையாண்டது டோக்கியோ. அந்நகரின் மைய நிலையம் தத்சுனோ கிங்கோ என்ற கட்டடக் கலைஞரின் படைப்பு; செங்கல் முகப்புடன் 1914-இல் திறக்கப்பட்டது. 1945 குண்டுவீச்சில் அதன் குவிமாடங்களும் மூன்றாம் தளமும் அழிந்தன. பின்னர் இரண்டு தளங்களோடு அது அரைகுறையாகவே நெடுங்காலம் நின்றது. நகரின் மிக விலையுயர்ந்த நிலத்தில் ஒரு தாழ்ந்த கட்டடம்! விதிப்படி அங்கே பன்மடங்கு உயரமாகக் கட்டியிருக்கலாம். இரயில் நிறுவனம் அவ்வாறு செய்யாமல், தான் பயன்படுத்தாத அந்தக் கட்டும் உரிமையைச் சுற்றியிருந்த உயர்மாடிக் கட்டடங்களுக்கு விற்றது. அந்தப் பணத்தைக் கொண்டே மூன்றாம் தளத்தையும் குவிமாடங்களையும் மீட்டெடுத்து, 2012-இல் நிலையத்தைப் பழைய தோற்றத்தோடு திறந்தது. நியூயார்க் உரிமையை மேல்நோக்கி விற்றதால் நிலையம் புதைந்தது. டோக்கியோ பக்கவாட்டில் விற்றதால் நிலையம் நிமிர்ந்தது.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதன்று. மும்பையின் பாரம்பரியக் கட்டட விதிகள், காக்கப்பட வேண்டிய கட்டடத்தின் உரிமையாளர் இழக்கும் கட்டுமான உரிமையை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ள 1995-ஆம் ஆண்டே வழி செய்தன. சாலை விரிவாக்கத்துக்கு நிலம் அளிப்போருக்கு இத்தகைய உரிமை வழங்கும் முறையைப் பல மாநிலங்கள் கடைப்பிடிக்கின்றன. வீட்டுக்கடன் தொடர்பாக எங்கள் மேசைக்கு வரும் கோப்புகளிலும் அவ்வப்போது இது தலைகாட்டும். பெருநகர நிலையங்களுக்கு இதை விரிவாக்குவதில் இரயில்வேயும் மாநில அரசுகளும் கைகோக்க வேண்டியிருக்கும். எளிய வேலை அன்று. ஆனால் இடித்துவிட்டு வருந்துவதைவிட எளிது. 2025-இன் தொடக்கத்தில் செகந்தராபாத் நிலையத்தின் வளைவுகள் கொண்ட முகப்பு, புதிய கட்டடத்துக்காக அகற்றப்பட்டது. அந்நிலையத்தின் நெரிசலைக் கண்டவர் எவரும் புதிய இடவசதி வேண்டாம் என்று சொல்லமாட்டார். எனினும் அந்த வளைவுகளைப் பார்த்து ஊர் வந்துவிட்டதை உணர்ந்து பழகியவர்களுக்கு அந்த இழப்பு பெரிது.

சிறு நிலையங்களுக்கு உரிமை விற்பனை பொருந்தாது. அங்கே விற்க என்ன இருக்கிறது? அங்கு ஆபத்தும் வேறு வகையானது. பெரும்பாலும் யாரும் இடிப்பதில்லை, மூடிவிடுகிறார்கள். செங்கல் முகப்பின்மேல் அலுமினியத் தகடு, ஓட்டுக்கூரைக்கடியில் பொய்க்கூரை, சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டுப் பூச்சு. கடைசியாகச் சொன்னதுதான் மிகக் கேடானது. சுண்ணாம்புக் காரையில் எழுந்த பழைய சுவர் நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமெண்டு அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுகிறது. சில ஆண்டுகளில் உப்புப் பூத்து, பூச்சு உதிர்ந்து, உள்ளிருக்கும் செங்கல்லும் பொடியாகிறது. பிறகு, ‘கட்டடம் வலுவிழந்துவிட்டது’ என்று ஒரு சான்றிதழ் எழுதுவது எளிது.

இதில் எங்கள் துறையும் பத்தரைமாற்றுத் தங்கமன்று. நான் முன்பு பணியாற்றிய கிளை ஒன்று, தேக்கு உத்தரங்களும் உயரத்தில் காற்றுச் சாளரங்களும் கொண்ட பழைய வீட்டில் இயங்கியது. புதுப்பிக்கும்போது பொய்க்கூரை போட்டுச் சாளரங்களை அடைத்தார்கள். பளபளப்பாகத்தான் இருந்தது. மின்கட்டணச் சீட்டு வந்த அன்று கிளை மேலாளர் முகத்தில்தான் அந்தப் பளபளப்பு இல்லை. மின்வெட்டு நேரங்களில் வாடிக்கையாளர்கள் வாசல் திண்ணைக்கு வந்து நின்றதும் நினைவிருக்கிறது.

பழையவை எல்லாவற்றையும் காக்கவேண்டும் என்று நான் வாதாடவில்லை. கல்நார்த் தகடு வேய்ந்த கொட்டகைகளையும், பிற்காலத்தில் அவசரமாக எழுப்பிய பெட்டிக் கட்டடங்களையும் தாராளமாக இடிக்கலாம். எது எவ்வகையைச் சேர்ந்தது என்று ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே முடிவு செய்து, எந்தச் சுவர் நிற்கும், எந்த ஓடு திரும்ப ஏறும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். சொத்தின் விவரம் பத்திரத்தில் இல்லாமல் நாங்கள் கடன் கொடுப்பதில்லையே! சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார்களுக்கான கூலியும், அடுத்த இருபது ஆண்டுப் பராமரிப்புக்கான ஒதுக்கீடும் மதிப்பீட்டில் தனி வரியாக இடம்பெற வேண்டும். மேம்பட்ட நிலையத்தின் கடை வாடகை, விளம்பர வருவாய் ஆகியவற்றில் ஒரு சிறு பங்கை அதற்கென ஒதுக்கினால் போதும். வாசகர்கள் தத்தம் ஊர் நிலையத்தின் இன்றைய தோற்றத்தை ஒரு படம் எடுத்து வைப்பதும், பணி தொடங்குமுன் வரைபடத்தைக் காட்டும்படி நிலைய அதிகாரியிடம் கேட்பதும் நல்லது. பயணிகளின் கேள்வி எழுத்தில் வந்தால் கோப்பில் ஏறும். கோப்பில் ஏறியதை எவரும் எளிதில் புறக்கணிப்பதில்லை. இருபது ஆண்டு அலுவலக வாழ்வு எனக்குக் கற்பித்தது இது.

சென்ற முறை ஊருக்குப் போனபோது எங்கள் நிலையத்திலும் பணி தொடங்கியிருந்தது. மேம்பாலத்தின் ஓரத்தில் மின்தூக்கிக்கான இரும்புச் சட்டகம் நின்றது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கூரையின் ஓடுகளை இறக்கி, நடைமேடையின் கோடியில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அவை மறுபடி மேலே ஏறுமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். “தெரியலைங்க சார். வரைபடத்துல தகடுன்னுதான் போட்டிருக்கு. நீங்க வேணும்னா ஒரு மனு எழுதிக் குடுங்க” என்றார். வண்டி வர அரைமணி நேரம் இருந்தது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன்.