வட்டத்துக்குள்ள வராத பாலாறு

போன வாரம் ஆம்பூர் போயிருந்தப்போ சித்தப்பா பையன் லேப்டாப்பைத் திறந்து காட்டினான். பாலாற்றங்கரை நிலத்தடி நீர்ல குரோமியம், இதுதான் அவனோட பிஎச்டி. கனெக்டட் பேப்பர்ஸ்ல ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரையைக் குடுத்தான். கொஞ்ச நேரத்துல திரை முழுக்க வட்டம் வட்டமா, நடுவுல கோடு கோடா. "அண்ணா, லிட்ரேச்சர் ரிவ்யூ முடிஞ்சுது"ன்னான். அவனோட கைடும் இதையே பிரிண்ட் எடுத்து ஆய்வேட்டுல ஒட்டிடுன்னு சொல்லிட்டாராம்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

சாஃப்ட்வேர் மேல கோபமில்லீங்க, நமக்குச் சோறு போடறதே அதுதான். ஆனா கோடு எதுக்குடான்னு கேட்டா, "ரெண்டும் ஒண்ணை ஒண்ணு மேற்கோள் காட்டியிருக்கு"ங்கறான். அட ராமா! ரெண்டு கட்டுரையும் ஒரே பழைய கட்டுரைகளை மேற்கோள் காட்டுதா (1963ல கெஸ்லர் சொன்ன விஷயம்), இல்ல பின்னாடி வந்தவங்க ரெண்டையும் சேர்த்தே மேற்கோள் காட்டறாங்களா (1973ல ஹென்றி ஸ்மால் சொன்னது), இதை வச்சு ஒற்றுமையைக் கணக்குப் போட்டுத்தான் கோடு போடுது. ஒண்ணை ஒண்ணு பார்த்தே இருக்காத கட்டுரைங்க கூட பக்கத்துல பக்கத்துல உக்காரும். வட்டம் பெருசுன்னா நிறைய பேர் மேற்கோள் காட்டினது, அவ்ளோதான். சரியான ஆய்வுன்னு யார் சொன்னா?

இதைக்கூட விட்டுடலாம். இதை விட முடியல:

வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996 ஆகஸ்ட் 28ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. மாசுபடுத்தினவனே அதுக்கான செலவைக் கட்டணும்ங்கறதை நம்ம நாட்டுச் சட்டத்தோட பகுதின்னு ஏத்துக்கிட்ட தீர்ப்பு. தோல் தொழிற்சாலை இருக்கற பகுதியில ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாவோ முழுசாவோ பயிர் வைக்க லாயக்கில்லாமப் போச்சுன்னு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட வேலூர் ஆராய்ச்சி மையத்துக் கணக்கு அதுல இருக்கு. தம்பியோட படத்துல தீர்ப்பும் இல்ல, அந்தக் கணக்கும் இல்ல. எப்படி இருக்கும்? செமான்டிக் ஸ்காலர்ல இருக்கற கட்டுரைகளை வச்சு வரையறது. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து அறிக்கை, கிணறு போன விவசாயி குடுத்த மனு, சென்னையில அச்சாகி அலமாரியில தூங்கற பழைய தோல் இதழ், இதெல்லாம் சட்டிக்கே வராத சரக்கு.

நாலு வருஷம் பாலாத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ணப்போறவன், பாலாத்தோட பெரிய ஆவணத்தைப் பார்க்காமலேயே 'ரிவ்யூ முடிஞ்சுது'ங்கறான். அதுக்குக் கைடு கையெழுத்து வேற!

படத்துக்குக் கீழ, 'இதுல தீர்ப்புகள், அரசு அறிக்கைகள் வராது'ன்னு ஒரு வரி போட எவ்ளோ நேரம் ஆகும்? நான் போட்டுத் தரேன், டீ காசு கூட வேணாம் :-)

ராத்திரி உக்காந்து தீர்ப்போட முழு வடிவத்தையும் இறக்கிக் குடுத்தேன். "இத்தனை பக்கமாண்ணா"ன்னு முனகிக்கிட்டே படிச்சான்.

டிஸ்கி: படம் அழகா இருந்துச்சுங்கறதை மறுக்கல. ஒரு காப்பி நானும் வாங்கி வச்சிருக்கேன்.