தரகரிடம் ஒரு பாடம்

உக்குவளைப் பக்கத்தில் ஒரு மிளகுத் தோட்டம் கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கைதேர்ந்த காணித் தரகர் எடுத்த எடுப்பில் விலை பேசமாட்டார். முதலில் உறுதியைப் பார்ப்பார். பங்காளிகள் எத்தனை பேர், அனைவரும் சம்மதமா என்று வீடுவீடாக விசாரிப்பார். ஒருவர் முரண்டினாலும் முழுத் தோட்டமும் கைமாறாது என்பதை அவர் அறிவார். அதன் பின்னரே நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் கையெழுத்து. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் விதித்த முறை அது.

நாட்டுக் காரியத்தில் நடந்தது என்ன? 1957 ஜூலை 26இல் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தனர். பிரதேச சபைகள் அமைய அது வழிவகுத்தது. ஆயினும், பிரதமர் தம் பக்கத்துப் பங்காளிகளை முன்னரே இணங்கச் செய்யவில்லை. அக்டோபரில் ஜே. ஆர். ஜயவர்த்தனா கண்டிக்கு எதிர்ப்பு யாத்திரை புறப்பட்டார். 1958 ஏப்ரல் 9இல் பிக்குமார் பிரதமரின் இல்லத்தின் முன் அமர்ந்தனர். அன்றே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதம் இனக்கலவரம் மூண்டது.

காணி தவறினால் வேறு காணி தேடலாம். இழந்த நம்பிக்கையைத் தேடித் தரும் தரகர் எவருமிலர். ஆகவே, பேச்சுவார்த்தைக்குச் செல்லும் தலைவர்கள் முதலில் தம் வீட்டாரின் சம்மதத்தைப் பெறுவார்களாக என்பதே நமது வேண்டுகோள்.