ஜெர்மானியரின் காலும் பாலாற்றின் தண்ணீரும்

உலகமயமாக்கல் என்றதும் மேற்கத்திய உடையையும் துரித உணவையும் தொலைக்காட்சித் தொடர்களையும் சாடுவது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. அது எளிய வேலை. சாடப்படுபவர் எவரும் சபையில் அமர்ந்திருப்பதில்லை. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இராணிப்பேட்டைக்கும் உலகமயமாக்கல் தோலின் வடிவில் வந்தது. அதை வாழ வைத்தவர்களில் பெரும்பங்கினர் நம் சமுதாயத்தவர். அதைப் பற்றி மட்டும் மேடைகள் மௌனம் காக்கின்றன.

முன்பு இப்பகுதியில் தோல் ஆவாரம்பட்டையில் பல வாரங்கள் ஊறிப் பதமாகும். 1970களில் அரசு அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமை பெற்ற தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. வெளிநாட்டு வணிகரின் அவசரத்திற்குக் குரோமியமே ஈடுகொடுத்தது. அந்நியச் செலாவணி வந்தது. பள்ளிவாசல்களும் கல்விக்கூடங்களும் தோல் வணிகத்தின் கொடையால் வளர்ந்தன என்பதை மறுப்பது நன்றிகேடு. ஆனால் உப்பும் குரோமியமும் பாலாற்றுப் படுகையில் இறங்கியதை மறைப்பது அதனினும் பெரிய குற்றம்.

1989 இறுதியில் ஜெர்மனி, தோலில் பூஞ்சை பிடிக்காதிருக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோஃபீனாலைத் தடை செய்தது. சில ஆண்டுகளுக்குள் நம் ஆலைகள் மாற்று இரசாயனத்திற்கு மாறிக்கொண்டன. பாலாற்றுக் கிணறுகளின் கதை வேறு. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதே ஆற்றுக்காக 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. இடையே, 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

முதலாளிகளை மட்டும் பழிப்பது நம் நோக்கமன்று. விலையைக் குறைக்கச் சொல்பவனும் கடைசி நேரத்தில் கொள்முதலை நிறுத்துபவனும் கடல் கடந்து இருக்கிறான். ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மீதான வரியை 50 சதவீதமாக்கியது. எண்ணெய் வாங்கியவர் வேறு. வேலை போகுமோ என்று அஞ்சியவள் ஆம்பூரில் காலணி தைக்கும் பெண். குர்பானித் தோலுக்கும் இதே கதிதான். ஒரு காலத்தில் மதரஸாக்களின் செலவைத் தாங்கிய அந்தத் தோல், செயற்கைத் தோல் உலகச் சந்தையை நிரப்பிய பின், உப்பிட்டு ஏற்றிச் செல்லும் கூலிக்கே போதவில்லை.

எனினும், சந்தை நம் கையில் இல்லை என்பதால் சாக்கடையும் நம் கையில் இல்லை என்றாகிவிடாது. அளவையில் மோசடி செய்வோரைப் பற்றிக் குர்ஆனில் தனி அத்தியாயமே (83) உண்டு. ஜெர்மானியரின் காலுக்கு ஓர் அளவு, அண்டை வீட்டாரின் குடத்திற்கு வேறோர் அளவு என்றால், அந்த எச்சரிக்கை நம்மை விட்டுவிடுமா? ஹலால் முத்திரையைப் பொட்டலத்தில் தேடும் நாம், பள்ளிவாசலுக்கு நன்கொடை பெறும் முன் அந்த ஆலையின் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்பதில்லை. வரும் ஜமாஅத் பொதுக்குழுவில் நிர்வாகிகள் முதலில் அதைக் கேட்கட்டும்.