யாருக்கு மலிவு? காலிக் கோட்டையும் 'பட்ஜெட்' பயணமும்

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். காலிக் கோட்டைக்குள் ஆறு பேர் ஒரே அறையில் படுக்கும் ஹொஸ்டல். ஒரு கட்டிலுக்கு ஓர் இரவுக்கு 12 டொலர். டொலர் 300 ரூபா எண்டு வைத்தால் 3,600 ரூபா. மஹாபொல 2025இல்தான் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவுக்கு உயர்ந்தது. ஆக, எங்கட ஒரு மாதக் காசு கோட்டைக்குள் இரண்டு இரவுக்குக் கட்டில். சாப்பாடு தனி. பயணப் பதிவுகள் இதைத்தான் 'நம்ப முடியாத மலிவு' என்கின்றன.

எங்களுக்கு அந்தக் கட்டிலும் கிடைக்கவில்லை. செமஸ்டர் லீவில் நாங்கள் நான்கு பேர் பேராதனையிலிருந்து மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டே காலிக்குப் போனோம். கட்டில்களை ஃபோனில் பதிவு செய்திருந்தோம். வரவேற்பில் இருந்த பெடியன் எங்கட அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "பாஸ்போர்ட் இல்லையா? லோக்கலுக்குக் குடுக்கிறேல்ல" எண்டு சிங்களத்தில் சொன்னான். அவனுக்கும் எங்கட வயசுதான். "சட்டம் நான் போட்டதில்லை" எண்டு சொல்லும்போது எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்றிரவு கராப்பிட்டியவில் எங்கட பட்ச் நண்பன் வீட்டில்தான் படுத்தோம். அவன் அம்மா நடுச்சாமத்தில் சோறு போட்டார். காசு கேட்கவில்லை.

இது ஒரு கடையின் குணம் எண்டு விட்டுவிடலாம். ஆனால் 2024 பெப்ரவரியில், இதே கரையில் உனவட்டுனவில், வெள்ளையர்களுக்கு மட்டும் எண்டு ஒரு விருந்தை அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பிய பிறகு கைவிட்டதும் நடந்ததுதான். சொந்த நாட்டில் 'லோக்கல்' எண்ட சொல் எப்போது வசவானது?

'பட்ஜெட்' எண்ட சொல்லையும் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம். இந்தத் தீவு ஏன் மலிவானது? 2022இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 350ஐத் தாண்டியது. எரிவாயுவுக்கு இரவிரவாகக் கியூவில் நின்றோம். பால்மா இல்லை. விடுதியில் மெழுகுதிரி வெளிச்சத்தில் படித்தோம். எங்கட சமையலறைகளைக் காலியாக்கிய அதே வீழ்ச்சிதான் வெளியிலிருந்து வருகிறவருக்குத் தள்ளுபடியாகிறது. அவர் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு டொலரும் யாரோ ஒருவரின் சம்பளத்தில் குறைந்த காசு. மலிவு வானத்திலிருந்து விழுவதில்லை.

காலிக் கோட்டைக்கு இது புதுசும் இல்லை. பழைய வாசலால் உள்ளே போய்த் திரும்பி அண்ணாந்து பாருங்கள். ஒல்லாந்துக் கம்பனியின் இலச்சினை, ஒரு சேவல், 1669 எண்ட ஆண்டு. எல்லோரும் படம் எடுக்கிற இடம். அந்தக் கம்பனி இங்கு வந்தது எதற்கு? கறுவாவை மலிவாக எடுத்து ஐரோப்பாவில் கொள்ளை விலைக்கு விற்க. பட்டை உரிப்பது சலாகம மக்கள்மேல் சுமத்தப்பட்ட கட்டாய ஊழியம். அனுமதியில்லாமல் உரித்தாலோ விற்றாலோ மரணதண்டனை வரை போகலாம். கம்பனி அடிமைகளையும் வைத்திருந்தது. 1755இல் கட்டிய தேவாலயத்தின் தரையில் கனவான்களின் கல்லறைக் கற்களைப் பார்க்கலாம். அடிமைகளுக்குக் கல் இல்லை. 'குட்டி, அழகான கொலனித்துவ நகரம்' எண்டு எழுதுகிறவர்கள் எதை அழகு என்கிறார்கள்?

எங்களில் ஒருத்தி யாழ்ப்பாணம். அவளுக்கும் ஊரில் ஒரு ஒல்லாந்தர் கோட்டை இருக்கிறது. அதற்குள் 1706இல் கட்டிய தேவாலயம் யுத்தத்தில் கற்குவியலானது. அவள் காலி மதிலில் நடந்துகொண்டே சொன்னாள்: "எங்கட அம்மாவுக்குக் கோட்டை எண்டா ஷெல் சத்தம்தான்." கோட்டை எண்டால் ஆயுதம். காலியில் அந்த ஆயுதத்துக்கு வெள்ளையடித்து அதற்குள் ஐஸ் கோப்பி விற்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. காலிக்குக் 'கொலனித்துவ நகரம்' எண்டு பெயர் வைத்தால் அதன் வரலாறே மதிலோடு தொடங்கியதாகிவிடும். 1911இல் காலியில் ஒரு கல்வெட்டுக் கிடைத்தது. சீனத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு வந்தது. அதிலுள்ள ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் எண்டு மூன்று மொழிகள் ஒரே கல்லில். போர்த்துக்கேயர் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முந்தியே இந்தத் துறைமுகத்தில் தமிழில் வாசிக்க ஆட்கள் இருந்திருக்கிறார்கள். அந்தக் கல் இப்போது கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில். எந்த 'ஒருநாள் காலி' பட்டியலிலும் அதை நாங்கள் காணவில்லை. கோட்டைக்குள் தலைமுறைகளாக வாழும் முஸ்லிம் குடும்பங்களும் அந்தப் பட்டியல்களில் படத்துக்குப் பின்னணியாகத்தான் வருகிறார்கள்.

"சுற்றுலா இல்லையெண்டா அந்தச் சனம் என்ன செய்யும்?" எண்டு கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வரவேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஆனால் வேலை குடுக்கிறது எண்ட ஒரு காரணத்துக்காக, எந்தச் சம்பளத்துக்கு, யாரை வாசலில் நிறுத்திவிட்டு எண்டு கேட்கக்கூடாது எண்டால், அது கம்பனிக்காரன் சொன்ன நியாயம்தான்.

எங்களையும் தப்பவிட மாட்டோம். மதிலோரம் ஒரு வயதான அம்மா கையால் பின்னின பீரலு லேஸ் விற்றுக்கொண்டிருந்தார். 1,200 ரூபா சொன்னார். நாங்கள் பேரம் பேசி 700க்கு வாங்கி, 'சுப்பர் மலிவு' எண்டு ஸ்டோரியும் போட்டோம். அதைப் பின்ன எத்தனை நாள் எடுத்தது எண்டு கேட்கவேயில்லை. ரயிலில் திரும்பும்போதுதான் ஒருவன் அந்தக் கணக்கைத் தொடங்கினான். வாசலில் எங்களை மறித்த கோபம் அதோடு பாதி அடங்கிவிட்டது. ஸ்டோரியை அழித்தோம். 500 ரூபா இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.

போங்கள். காலிக்கும் போங்கள், யாழ்ப்பாணத்துக்கும் வாங்கோ. மலிவு எண்டு எழுத முதல் ஒரு தடவை கேளுங்கள்: யாருடைய செலவில்?