ரகசியத்துக்கு ஒரு காலக்கெடு வேண்டும்

மதிப்பிற்குரிய தற்காப்பு அமைச்சர் அவர்களுக்கு,

ராணுவ ஆய்விலும் மேம்பாட்டிலும் அரசாங்கப் பொறியாளராகப் பணிக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வுபெற்றவன் நான். எந்தப் பிரிவில் இருந்தேன், எந்தத் திட்டத்தில் வேலை பார்த்தேன் என்பதை இந்த மடலில் எழுதப்போவதில்லை. அதிகாரத்துவ ரகசியச் சட்டத்தை ஏற்றுக் கையெழுத்திட்டவனுக்கு ஓய்வு வந்தாலும் அந்தக் கடமை ஓய்வதில்லை. அது ஓயவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. நான் கேட்பது இவ்வளவுதான்: ஒரு கோப்பின் மேல் ரகசியம் என்று முத்திரை குத்தும் அன்றைக்கே, அந்த முத்திரை எந்த ஆண்டு மறுஆய்வுக்கு வரும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

நான் குடியிருப்பது ஜாலான் புசாரில். கிச்சனர், ஜெலிக்கோ, பீட்டி, அலன்பி என்று இந்த வட்டாரத்தில் சாலைக்குச் சாலை முதல் உலகப்போர்த் தளபதிகளின் பெயர்கள். வெர்டன், சாம், மார்ன் என்று அந்தப் போர்க்களங்களின் பெயர்களும் உண்டு. தளபதிகளுக்குச் சாலை கிடைத்திருக்கிறது. அவர்களுடைய பீரங்கியையும் கப்பலையும் வடிவமைத்தவர்கள் ஒருவருக்கும் இங்கே இடமில்லை. இதே வட்டாரத்தில்தான் ஜாலான் புசார் விளையாட்டரங்கமும் இருக்கிறது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த சில நாள்களில் ஜப்பானியர்கள் சீன ஆண்களைத் திரட்டி நிறுத்தி, யாரைக் கொண்டுபோய்க் கொல்வது என்று பிரித்தெடுத்த இடங்களில் அதுவும் ஒன்று. காவலுக்கு வேறொருவரை நம்பியிருந்த ஊர் என்ன பாடு பட்டது என்பதை அந்த இடம் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த வேலையை மனமொப்பிச் செய்தேன். இன்று கூப்பிட்டாலும் போவேன்.

எங்கள் துறை தொடங்கிய கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1967 அக்டோபரில் எகிப்தின் சிறு படகுகள் ஏவிய ஏவுகணைகள் இஸ்ரேலின் எய்லாட் போர்க்கப்பலை மூழ்கடித்தன. கடலில் இனி மின்னணுவியல்தான் உயிர்காக்கும் என்பதை உலகமே உணர்ந்தது. ஏவுகணையை விற்கிற நாடு, அதை ஏமாற்றும் வழியையும் சேர்த்து விற்காது. இதைப் புரிந்துகொண்ட அன்றைய தற்காப்பு அமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீ, 1971இல் அப்போதுதான் படித்து முடித்திருந்த மூன்று பொறியாளர்களைத் தேர்ந்தெடுத்து, மின்னணுப் போர்முறையை ஆராயச் சொன்னார். மறு ஆண்டே டாக்டர் டே எங் சூன் தலைமையில் ‘மின்னணுச் சோதனை நிலையம்’ என்று ராணுவ வாடையே இல்லாத பெயரில் ஓர் அமைப்பு உருவானது. 1977இல் அது தற்காப்பு அறிவியல் அமைப்பு ஆனது. 1997இல் டிஎஸ்ஓ தேசிய ஆய்வுக்கூடங்கள் ஆனது. பல ஆண்டுகள் அப்படி ஒன்று இருப்பதே பொதுமக்களுக்குத் தெரியாது. அன்றைய நிலையில் அந்த மௌனம் அவசியம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். மின்னணுப் போர்க்கருவி ஒன்றின் ரகசியம், அது எதிர்த்து நிற்கிற ராடார் புழக்கத்தில் இருக்கும் வரைக்கும்தான் ரகசியம். அந்த ராடார் பழைய இரும்புக்குப் போய்விட்டால், அதைக் குழப்பிய நம் கருவியின் சுற்றுப்படத்தை வைத்துக்கொண்டு எதிரியால் எதுவும் செய்யமுடியாது. கருவியும் போயாயிற்று, எதிர்க்கருவியும் போயாயிற்று. முத்திரை மட்டும் அப்படியே இருக்கிறது. அது யாருடைய பாதுகாப்புக்காக?

என்னோடு வேலை பார்த்த ஒருவர் காலமானபோது அவர் உடலைப் புளோக்கின் கீழ்த்தளத்தில் வைத்திருந்தார்கள். அவர் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. இத்தனை வருசமா இவரு அங்க என்னதான் செஞ்சாரு?” என்று கேட்டார். மகன் எதிரே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். “நல்ல வேலைதாம்மா செஞ்சாரு. நாட்டுக்கு ரொம்ப வேண்டிய வேலை” என்றேன். அதற்குமேல் எனக்குச் சொல்ல அனுமதி இல்லை. அந்த மனிதர் இரவு பகல் பாராமல் உட்கார்ந்து தீர்த்த ஒரு சிக்கலை என்னால் அந்த இடத்திலேயே ஒரு தாளில் வரைந்து காட்டியிருக்கமுடியும். அந்தக் கருவி சேவையிலிருந்து எடுக்கப்பட்டு நீண்ட காலம் ஆகிறது. ஆனாலும் அந்தப் பையனுக்குத் தன் அப்பாவின் திறமையைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியாது.

இது குடும்பங்களின் மனக்குறை மட்டும் என்றால் உங்களுக்கு எழுதியிருக்கமாட்டேன். நாட்டுக்கும் இதில் இழப்பு இருக்கிறது. பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸை நினைத்துப் பாருங்கள். ஜெர்மானிய ராணுவத் தலைமையின் சங்கேதச் செய்திகளை உடைக்க, 1,500க்கும் மேற்பட்ட வால்வுகளைக் கொண்டு கொலோசஸ் என்ற மின்னணுக் கணினியைக் கட்டியவர். 1944இன் தொடக்கத்தில் அது வேலை செய்ய ஆரம்பித்தது. போர் முடிந்ததும் அந்த இயந்திரங்களில் பெரும்பாலானவற்றைப் பிரித்துப்போட்டார்கள். மேலிடத்து உத்தரவுப்படி ஃபிளவர்ஸ் தன் வரைபடங்களைத் தானே உலையில் போட்டு எரித்தார். 1946இல் அமெரிக்கா எனியாக் கணினியை உலகுக்குக் காட்டியபோது அவரால் வாய் திறக்கமுடியவில்லை. 1970கள் வரை அந்த மௌனம் நீடித்தது. 1993இல் டோனி சேல் என்பவர் கொலோசஸை மீண்டும் கட்டத் தொடங்கியபோது அவருக்குக் கிடைத்தவை சில புகைப்படங்கள், சட்டத்தை மீறி யார்யாரோ வைத்திருந்த சுற்றுப்படத் துண்டுகள், உயிரோடு மிஞ்சியிருந்த முதியவர்களின் ஞாபகம். இவ்வளவுதான். கணினித் தொழிலில் பிரிட்டன் கைவிட்ட வாய்ப்பு எத்தனை என்று யாரும் கணக்குப் போட்டுச் சொல்லமுடியாது.

தோல்வியைப் பற்றியும் சொல்லவேண்டும். தேக்காவில் எந்தத் தமிழ்ப் பிள்ளையைக் கேட்டாலும் அப்துல் கலாமைத் தெரியும். அவர் தலைமையேற்ற எஸ்எல்வி-3 ராக்கெட் 1979 ஆகஸ்ட் 10 அன்று வங்காள விரிகுடாவில் விழுந்ததும் தெரியும். இரண்டாம் கட்டக் கட்டுப்பாட்டு அமைப்பில் வால்வு ஒன்று கசிந்தது காரணம் என்பது வரை வெளியே வந்தது. மறு ஆண்டு ஜூலையில் அது வென்றது. பிறகு அவர் ராணுவ ஆய்வுக்குத் திரும்பி, 1989இல் அக்னி ஏவுகணையைப் பறக்கவிட்டார். விழுந்ததை அறிந்திருப்பதால்தான் எழுந்ததன் மதிப்பு அந்தப் பிள்ளைகளுக்குப் புரிகிறது. சிங்கப்பூர்ப் பொறியாளர்கள் எங்கே சறுக்கினார்கள், எப்படிச் சரிசெய்தார்கள் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது? சிம் லிம் டவரில் உதிரிப்பாகம் வாங்க வரும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களோடு அவ்வப்போது பேசுவேன். “அங்கிள், ராணுவ ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போனா என்ன செய்யணும்?” என்று ஒரு பெண் கேட்டாள். இளம் தற்காப்பு விஞ்ஞானிகள் திட்டத்தை 1993 முதல் நடத்துகிறோம், ஆண்டுதோறும் தற்காப்புத் தொழில்நுட்பப் பரிசு கொடுக்கிறோம். அவளுக்கு எடுத்துச்சொல்ல ஒரு முழுக் கதை மட்டும் கிடைப்பதில்லை.

கதவைத் திறந்தபோது என்ன நடந்தது என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2003இல் சார்ஸ் பரவியது. இங்கே 238 பேருக்குத் தொற்றி, 33 பேர் இறந்தார்கள். அப்போது தற்காப்பு அறிவியல், தொழில்நுட்ப முகவையான டிஎஸ்டிஏவின் பொறியாளர்கள் ராணுவ வெப்பப் படக்கருவி ஒன்றைக் கையிலெடுத்தார்கள். இருட்டில் ஆள் நிற்பதைக் காட்ட, சுற்றுப்புறத்தைவிட அவர் உடல் சூடாகத் தெரிந்தாலே போதும். காய்ச்சலைக் கண்டுபிடிக்க அது போதாது. பாகைக் கணக்கில் துல்லியம் வேண்டும். அதற்காக, தெரிந்த வெப்பநிலையில் நிலைநிறுத்திய ஒரு பொருளைப் படச்சட்டத்துக்குள்ளேயே வைத்து, அதோடு ஒப்பிட்டு ஒவ்வொரு முகத்தையும் அளந்தார்கள். முகத்தோலின் சூடு உள்ளுடல் சூட்டைவிடக் குறைவு என்பதால் எச்சரிக்கை எல்லையையும் அதற்கேற்ப வைத்தார்கள். சாங்கி விமான நிலையத்தில் பயணிகள் நிற்காமல் நடந்துபோக, காய்ச்சல்காரரைத் திரை காட்டிக்கொடுத்தது. ராணுவத்துக்குள்ளேயே அடைந்துகிடந்த அறிவு மக்களிடம் வந்ததும் இதுதான் நடந்தது. இன்னொன்றையும் சொல்கிறேன். 2023 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ராக்கெட்டில் ஏறிய டிஎஸ்-சார் செயற்கைக்கோளை டிஎஸ்டிஏவும் எஸ்டி எஞ்சினியரிங் நிறுவனமும் உருவாக்கின என்று வெளிப்படையாகவே அறிவித்தோம். அதனால் நாட்டுக்கு ஒரு கேடும் வரவில்லை.

திறந்தால் பெருமைகள் மட்டும் வெளிவராது என்பதும் எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் நாம் கண்ணிவெடிகள் செய்தோம். அவற்றின் ஏற்றுமதியை நிறுத்திவைத்தோம். ஆனால் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இன்றுவரை கையெழுத்திடவில்லை. கண்ணிவெடி, கொத்துக்குண்டு தயாரிப்பில் தாங்கள் இனி இல்லை என்று எஸ்டி எஞ்சினியரிங் 2015இல் சொன்னது. அந்த முடிவுகளுக்குப் பின்னால் எந்தப் பொறியாளர் எதை எதிர்த்து எழுதினார், எது அவர் மனத்தை உறுத்தியது என்பதெல்லாம் கோப்புகளில் இருந்தால், அதையும் நம் பேரப்பிள்ளைகள் படிக்கட்டும். ஆயுதம் செய்கிற நாட்டுக்கு அந்தக் கடன் இருக்கிறது.

டிஎஸ்ஓ தன் முதல் 30 ஆண்டு வரலாற்றை நூலாகக் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனாலும் ஒரு நிறுவனம் தான் தேர்ந்தெடுத்ததைச் சொல்வது வேறு, ஆவணங்களை மற்றவர் படித்துத் தெரிந்துகொள்வது வேறு. அமெரிக்காவில் பெரும்பாலான ரகசிய ஆவணங்கள் 25 ஆண்டில் தாமாகவே திறக்கின்றன; பூட்டியே வைக்கவேண்டும் என்றால் காரணம் காட்டவேண்டும். பிரிட்டன் 30 ஆண்டாக இருந்ததை 20 ஆகக் குறைத்துவிட்டது. நம்மிடம் அப்படி ஒரு கட்டாயக் கெடு இல்லை. 40 ஆண்டு என்றே வையுங்கள், நான் குறைசொல்லமாட்டேன். அந்த நாள் வந்ததும், அந்தத் தொழில்நுட்பம் அறிந்தவர்கள் உட்கார்ந்து பார்த்து, இன்னும் உயிருள்ள ரகசியத்தைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மற்றதைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பட்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1979இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கப்பட்டதற்கும் டாக்டர் கோதான் காரணம். மின்னணுப் போர்முறைக்கு ரகசியமாக ஆள் சேர்த்த அதே மனிதர், நாட்டின் கதையைச் சொல்பவர்களின் குரல் அழியக்கூடாது என்றும் நினைத்திருக்கிறார். 1971இல் பட்டம் வாங்கி வந்தவர்களுக்கு இன்று 80 வயதை எட்டும் பருவம். சிலர் ஏற்கெனவே போய்விட்டார்கள். உரிய அனுமதி பெற்ற அதிகாரிகளைக் கொண்டு அவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். பதிவை முத்திரையிட்டு வையுங்கள், கெடு முடியும்வரை ஒருவரும் கேட்கவேண்டாம். இதற்குப் பெரிய செலவு இல்லை, பாதுகாப்புக்கு ஊறும் இல்லை. வேண்டியது உங்கள் கையெழுத்திட்ட ஓர் உத்தரவு. அதை இந்த ஆண்டே பிறப்பிக்குமாறு வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசாங்கப் பொறியாளர்,
ஜாலான் புசார்